ஐயாவு இருமாத கதை

"அநியாயம் நடந்தது எங்க வீட்டுக்காரருக்கு மிஸ்ஸி! எஸ்டேட்டு ஸ்டோருல அமோனியா டேங்கு வெடிச்ச அன்னிக்கு, எல்லாரும் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினப்போ, ரப்பர் பால் வாளியோட உள்ள மாட்டிக்கிட்டவரு இவருதான். நெஞ்சு பூரா வெந்துபோன மனுஷனப் பாத்து, 'ஒனக்கு ஒண்ணும் இல்ல, போ'ன்னு எழுதிட்டாங்க! ஒண்ணும் இல்லையாம்! ஒண்ணும் இல்லாமத்தான் படுக்க முடியாம சுவத்துல சாஞ்சுக்கிட்டுத் தூங்குறாரா?"

நஷ்ட ஈட்டு அப்பீலுக்காக ஈப்போவில் டாக்டர் உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியே, பெஞ்சில் இருந்தபடி பாப்பா இந்தக் கேள்வியைக் கேட்டாள். எதிரே மேசையில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் புஷ்பராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாப்பாவுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பதில் சொல்லாதவர்களிடம் ஒரு வசதி உண்டு, குறுக்கே பேசமாட்டார்கள். பக்கத்தில் ஐயாவு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், ஒரு பக்கக் கன்னம் லேசாகப் புடைத்திருக்க, ஆணியடித்தாற்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இங்க புதுசா மிஸ்ஸி? போன தடவ வேற ஒரு சீனத்து மிஸ்ஸி இருந்தாங்க. அவங்களும் இப்பிடித்தான், ஒரு வார்த்த பேசல. இருக்கட்டும். செமோர்லேருந்து ரெண்டு பஸ் மாறி வாரோம். ரெண்டாவது பஸ்ஸுல ஒருத்தன் துரியான் பழக் கூடையோட ஏறிட்டான். அந்த வாடைக்கு நல்ல நெஞ்சே அடைச்சுக்கும், இவரு நெஞ்சு என்னா ஆகும்? ஆனா வாயத் தொறக்கலயே! கெட்டிக்காரரு... என்னா சொல்ல வந்தேன்? ஆங், உடையப்பன்!

"உடையப்பன் எங்க நாத்தனா மாரியம்மாவக் கட்டினவன். டேங்கு வெடிச்சப்போ அவன் ஸ்டோருலயா இருந்தான்? கள்ளுக்கடையில இருந்தான் லா! சத்தம் கேட்டு வேடிக்க பாக்க வந்தவன், ஓரமா நின்னு ரெண்டு மூச்சு மோந்தான், அவ்ளோதான். இன்னிக்கு அவனுக்கு மாசா மாசம் காசு வருது, பெரியாஸ்பத்திரியில மருந்தும் சும்மா. எப்பிடிக் கெடச்சிச்சு தெரியுமா? கிழிஞ்ச கைலி, சீவாத தல, ஒரு வாரத்துத் தாடி. கையில பால்மாவு டின்னு வேற, எச்சி துப்புறதுக்கு! உள்ள போயி டாக்டரு மூஞ்சிக்கு நேரா இருமுனான் பாருங்க, மேசையில இருந்த காயிதமெல்லாம் பறந்துச்சாம். சீ! மானம் மரியாத இருக்கா? மாரியம்மா அதையும் லயம் பூரா பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுறா.

"நாங்க அப்பிடியில்ல மிஸ்ஸி. பெரட்டுல நின்னு வளந்தவங்க. காலங்காத்தால பேரு கூப்புடுற பெரட்டுல வரிசையா நிக்கிறப்போ எவனாச்சும் இருமினான்னு வைங்க, பேரு எழுதுற கிராணி 'நீ வீட்டுக்குப் போ'ன்னுருவான். அன்னிக்குப் பேரு விழாது, சம்பளம் இல்ல. அதனால இவரு சின்ன வயசுலயே இருமல முழுங்கக் கத்துக்கிட்டாரு. தொண்டையில வந்து நிக்கும், கண்ணு செவக்கும், காது மடல் ஆடும்... சத்தம் வராது! எத்தன கிராணி மாறினான், ஒருத்தனாலயும் கண்டுபுடிக்க முடியல."

ஐயாவு மெதுவாகத் தலையாட்டினார். அவருடைய காது மடல் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"அதத்தான் போன தடவயும் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். 'இங்க பாருங்க, படிச்ச டாக்டரு முன்னாடி இருமித் தொலைக்காதீங்க. டீபின்னு நெனைச்சுருவாங்க. பொண்ணு ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. கமுந்திங்ல மாப்பிள்ள பேசி வச்சிருக்கோம், தெரிஞ்சா சும்மா விடுவாங்களா'ன்னேன். புரிஞ்சுக்கிட்டாரு. நானும் கூடவே உள்ள போனேன். இவருக்குப் பேசத் தெரியாது, நான்தான் பேசணும். டாக்டரு கேட்டாரு, 'இருமல் இருக்கா?' நான் சொன்னேன், 'எங்க பரம்பரையிலயே கெடையாதுங்க!' 'வேல செய்ய முடியுதா?' 'என்னாங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க, எஸ்டேட்டுலயே இவரு மாதிரி மரம் சீவ ஆளு இல்ல'ன்னேன். பொய்யா சொன்னேன்? டேங்கு வெடிக்கிற வரைக்கும் இல்லதான்! 'மாடிப்படி ஏறுவாரா?'ன்னாரு. 'பத்துமல கோயில் படிய ஒரே மூச்சுல ஏறினவரு'ன்னேன். அது எங்க கல்யாண வருஷம். அந்த மனுஷன் வருஷமா கேட்டாரு?

"அப்பறம் ஒரு கொழாயக் குடுத்து ஊதச் சொன்னாங்க. கோயில்ல சங்கு ஊதுற ஆளு மிஸ்ஸி இவரு! விடுவாரா? உசுரக் குடுத்து ஒரு ஊது... டாக்டரே தலையாட்டினாரு. எனக்கு அப்பிடியே பெருமையா போச்சு. வெளிய வந்ததும் சைக்கிள் நிறுத்துற எடத்துல உக்காந்தவருதான், உதடு நீலமா போச்சு, ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல. அதப் பாத்தானுங்களா? பாக்கலயே! மரியாதையா வந்தவனுக்கு ஒண்ணுமில்ல, டின்னத் தூக்கிக்கிட்டு வந்தவனுக்குக் காசு. இது என்னா நியாயம், நீங்களே சொல்லுங்க!"

புஷ்பராணியின் பேனா நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்பதைப் பாப்பா கவனிக்கவில்லை.

"இன்னிக்கும் இல்லன்னா அவ்ளோதான் மிஸ்ஸி. இதுக்கு மேல அப்பீலு கெடையாதுன்னு யூனியன்ல சொல்லிட்டாங்க. மரம் சீவ முடியாதவருக்கு எஸ்டேட்டுல லயத்து வீடும் இல்ல. இவரு மூச்சுக்கு மருந்து வாங்கியே கம்மலு போயிருச்சு, இந்தா, காதுல வேப்பங்குச்சி... அதுனால இந்தத் தடவ ஒரு கொறையும் வைக்கல. ஒரு வாரமா தைலம் போட்டு ஆவி புடிக்க வச்சேன். காலையில இஞ்சிச் சாறு, தேனு. சட்டைய நானே இஸ்திரி போட்டேன். போன தடவ கடைசியில ஒரே ஒரு செருமல் வந்துருச்சு, அதுலதான் கெட்டுச்சோ என்னவோ. இன்னிக்கு அதுவும் வராது. கன்னத்துல கிராம்பும் கல்கண்டும் அடக்கியிருக்கேன். டாக்டரு எப்பிடிப் பாத்தாலும் ஒரு பொட்டு இருமல் கெடைக்காது! என்னாங்க, நிமிந்து உக்காருங்க. கூன் போடாதீங்க."

அறைக் கதவு திறந்தது. "ஐயாவு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஐயாவு எழுந்தார். பாப்பாவும் சேலையை உதறிக்கொண்டு, அவருக்கு முன்னால் ஓரடி எடுத்து வைத்தாள்.

புஷ்பராணி மேசையைச் சுற்றி வந்து வாசலில் நின்றார். கையில் எச்சில் துப்பும் தட்டு ஒன்று இருந்தது. அதை ஐயாவுவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஐயா, வாயில இருக்கிறதை முதல்ல இதுக்குள்ள துப்புங்கோ. இருமல் வந்தா நல்லா இருமுங்கோ." பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் இஞ்சயே இருங்கோ."