645-இல் விழாத பள்ளம்

ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் மெழுகுவர்த்திகூட வளைந்துவிடும், இன்ஸ்பெக்டர். அந்த ஊரில் ஸ்டியரிக் அமிலப் படிகம் வளர்க்கப் போவதாக எங்கள் துறை ஆராய்ச்சி மாணவி ஆனந்தவல்லி சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இதையெல்லாம் யார் கேட்டிருக்கப்போகிறார்கள். அது ஒரு கொழுப்பு அமிலம். மூலக்கூறுகள் ஒரு விதமாக அடுக்கப்பட்டால் பி வடிவம், வேறு விதமாக அடுக்கப்பட்டால் சி. கண்ணுக்கு இரண்டும் வெள்ளைத் தூள்தான். அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினால் குட்டு வெளிப்படும். பி என்றால் வரைபடத்தில் 645-இல் பள்ளம் விழும், சி என்றால் 688-இல். எங்கள் கல்லூரியில் அந்தக் கருவி என் பொறுப்பு. நம் ஊர் வெப்பத்தில் பி வராது என்று பன்னிரண்டு வருடம் முன்பே கட்டுரை எழுதியவனும் நான்தான்.

அவள் மம்சாபுரத்தில் கூலி வேலை பார்க்கும் பிச்சையம்மாளின் மகள். மூன்று வருடம் குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். 645-இல் பள்ளம் விழுந்தது. துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னாள்: "சார், நீங்க உருக்கித் தடவிப் பாத்திருக்கீங்க. உருக்குனா சி தான வரும்? அதான் ஒங்களுக்கு பி வரலை."

குப்பி கழுவுகிற சங்கிலிப்பாண்டிகூடச் சிரித்தான். அவளோ மரியாதையாகத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

வாய்மொழித் தேர்வன்று தன் கண்முன்னால் அளக்க வேண்டும் என்று வெளியூர்த் தேர்வாளர் சொல்லியிருந்தார். காலையிலேயே அவளுடைய படிகக் குப்பியை எடுத்து, சூட்டுப்பெட்டியில் அறுபது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். சங்கிலிப்பாண்டி பார்த்ததாகச் சொன்னது உண்மைதான். அறுபதில் அது உருகாது. சத்தமில்லாமல் சி ஆகிவிடும், பிறகு பி ஆகத் திரும்பாது. ஆறவைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

688. மறுபடி அளந்தார்கள், அதே 688. பழைய வரைபடமெல்லாம் எப்படி வந்தது என்று தேர்வாளர் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்கதான மிசின்ல போட்டுத் தந்தீய. சொல்லுங்க சார்."

நினைவில்லை என்றேன்.

மூன்றாம் நாள் அவளைக் கண்மாயிலிருந்து எடுத்தார்கள். ஒரு பள்ளத்துக்காக உயிரை விடுகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு?

துஷ்டிக்குப் போயிருந்தேன். பிச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவ பொய்யா எழுதிட்டான்னு சொல்லுதாவளே, நெசமா சார்?" என்று கேட்டாள்.

"பொய்யெல்லாம் இல்லம்மா. சின்னத் தப்பு, கவனிக்காம விட்டுட்டா," என்று தேற்றினேன். அடுத்தவர் மனம் நோகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.