காகிதம் சுற்றிய மண்வெட்டி

காஜா பேராங் ஊரின் பங்கீட்டு அரிசி வரிசையில், ஜப்பான்காரர் ஆண்ட காலத்தில், எனக்கு முன்னால் நின்ற இருவரின் பேச்சு இது. ஒருவர் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் வெள்ளைச் சட்டைக் கிராணி. மற்றவர் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் கூலி. கிராணியின் மண்வெட்டியில் செய்தித்தாள் சுற்றியிருந்தது.

“கிராணி ஐயா, மம்பட்டிக்கு எதுக்குச் சட்டை?”

“மரவள்ளி நட்டுட்டு வர்றேன். பார்க்கிறவன் நம்மளைக் கூலின்னு நெனைச்சிடக் கூடாதுல்ல.”

அப்போது சயாம் ரயில்பாதை போடக் கூலிக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்து நின்றது. ஜப்பான் சிப்பாய் இருவரையும் கையைக் காட்டச் சொன்னான்.

“நான் ஆபீஸ்ல பேனா பிடிக்கிறவன்!” என்று கிராணி கத்தினார். சிப்பாய் அவருடைய உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்து, லாரியைக் காட்டினான். இவர்கள் இருவரும் சேர்ந்ததோடு லாரி நிறைந்துவிட்டது; அடுத்து நின்ற நான் தப்பினேன்.

ஏறும்போது கிராணி மெல்லக் கேட்டார்: “சயாம்ல ஆபீஸ் வேலை இருக்குமா?”

“இருக்கும்ங்கய்யா. அந்தக் காகிதத்தை மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க.”