பார்க்க மட்டும்

நூமா: இறங்குடி. எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பே?

ரோஜினா: இறங்கறேன் அக்கா... ஹீட்டரை அணைச்சிடாதீங்க.

நூமா: இந்த அமெரிக்கா கொலம்பஸ் ஊருக் குளிரு உனக்குப் புதுசா? மூணு வாரமா நான் காரை நிறுத்தறதுக்குள்ளயே குதிச்சு ஓடுவே. ஆஸ்பத்திரி வாசல் தோ இருக்கு, இன்னிக்கு என்ன?

ரோஜினா: உடம்பு சரியில்ல. காய்ச்சல் மாதிரி...

நூமா: நெத்தியக் காட்டு. ஐஸ் கட்டி மாதிரி இருக்கு! கூட உக்காந்து பாக்கற இந்த அப்சர்வர்ஷிப் பயிற்சி முடியற நாள், டாக்டர் ஹால்வர்சன் உனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போற நாள், இன்னிக்குப் பாத்துத்தான் காய்ச்சல் வருமா?

ரோஜினா: கடிதம் அப்புறம்கூட...

நூமா: அப்புறமாம்! காத்மாண்டுல டாக்டருக்குப் படிச்ச நீயாகட்டும், தரான்ல படிச்ச நானாகட்டும், இந்த ஊரு டாக்டர் ஒருத்தர் கையெழுத்துப் போடாம சதையச் சோதிக்கற பெதாலஜி வேலைக்கு நம்மள எவன் கூப்பிடுவான்? நீ முடிச்சாத்தான் அடுத்த மாசம் அந்த நாற்காலி எனக்கு... ஏய், எதுக்கு மூஞ்சியத் திருப்பறே?

ரோஜினா: ஒண்ணுமில்ல.

நூமா: என்ன பண்ணித் தொலைச்சே? ஸ்லைடை உடைச்சிட்டியா?

ரோஜினா: தொடவே விடமாட்டாங்க அக்கா. பார்க்க மட்டும்தான்.

நூமா: அப்ப ஹால்வர்சன் பேசப் பேசத் தூங்கி விழுந்திருப்பே.

ரோஜினா: அவர் பேசல.

நூமா: என்னது?

ரோஜினா: எப்பவும் மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சுக்கிட்டே கதை அளப்பார். நேத்து ஒரு ஸ்லைடை வச்சதும்... பேச்சை நிறுத்திட்டார். கேன்சரா இல்லையான்னு உறுதியாத் தெரிய வேற சாயம் ஏத்திப் பாக்கணும்னார். அது இன்னிக்குக் காலையில வருது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாப்போம். என்னால முடியாது. அங்கேயே அழுதுடுவேன்.

நூமா: முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கா அழுவே? தெரிஞ்சவங்களா?

ரோஜினா: கேக்காதீங்க அக்கா. வெளியே மூச்சு விடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.

நூமா: தெரிஞ்சவங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடணும்டி.

ரோஜினா: சொன்னா, நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பார். சொல்லாம உக்காந்தா, திருட்டுத்தனமா பாக்கற மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் போனாலும்...

நூமா: கழுத்துக் கட்டியா?

ரோஜினா: அக்கா...

நூமா: இடது பக்கமா?

ரோஜினா: வண்டியத் திருப்புங்க. வீட்டுக்குப் போயிடலாம். தயவுசெஞ்சு திருப்புங்க!

நூமா: கத்தாதே. நீதான் நேத்து சாயங்காலமே எல்லாத்தையும் சொல்லிட்டியே.

ரோஜினா: நானா? நான் வாயே திறக்கல!

நூமா: அதான். உன் பங்கு மோமோவையும் சேத்து என் தட்டுல வச்சே. பாத்திரம் நான் கழுவறேன்னே. ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், என்னிக்காவது சண்டை போடாம ஒரு கரண்டியாவது கழுவியிருக்கியா நீ?

ரோஜினா: கழுத்துல என்ன பிளாஸ்திரின்னு அன்னிக்கே கேட்டேனே... மோமோ வேக வைக்கறப்ப ஆவி அடிச்சிடுச்சுன்னீங்க.

நூமா: சொன்னேன்.

ரோஜினா: பொய்.

நூமா: பொய்தான்... சரி விடு.

ரோஜினா: கம்ப்யூட்டர் திரையில பேரைப் பாத்ததும், இந்த ஊர்ல வேற நூமா லிம்பு இருக்க மாட்டாங்களான்னு நினைச்சேன். கீழேயே பிறந்த தேதி. போன மாசம்தானே நாம கேக் வெட்டினோம்...

நூமா: போதும். மேல பேசாதே. அந்தச் சாயம் என்ன சொல்லுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அது என் டாக்டர் வாயால வரட்டும். நீ வாயத் திறந்து உன் பொழப்பைக் கெடுத்துக்காதே.

ரோஜினா: என் பொழப்பு கிடக்கு! உங்களுக்கு இந்த ஆஸ்பத்திரிதானா கிடைச்சுது? என் கண்ணு முன்னாலயா வந்து விழணும்? வேற எங்கயாவது போயிருக்கக் கூடாதா?

நூமா: கட்டியில சதை எடுக்க வேற இடத்துலதான் முதல்ல தேதி குடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன்... பயமா இருந்துச்சுடி. நீ அந்த நாற்காலியில உக்கார்ற வாரமாப் பாத்து இங்கே வாங்கினேன். மத்தவங்க எல்லாரும் ஒரு துண்டுச் சதையத்தான் பாப்பாங்க. ஒருத்தியாவது என்னைப் பாக்கட்டுமேன்னு.