இரண்டாவது கையெழுத்து

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி உங்கள் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அப்பால் நீங்கள். இப்பால் என் தங்கை, அவளுக்கு வலப்பக்கம் அவள் கணவர். சன்னலோரம் நான். என் மடியில் அவர்களுடைய ஆறு வயது மகள், நாங்கள் சுண்டெலி என்று கூப்பிடும் குழந்தை. உங்கள் அறை நாற்காலிகள் வசதியானவை. அன்றே சொல்ல நினைத்தேன்.

குழந்தையின் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது, மாற்று மஜ்ஜை வேண்டும் என்றீர்கள். பெற்றோருடையது பாதியாவது பொருந்தியாக வேண்டுமே, இது துளியும் ஒட்டவில்லையே என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ட்யூப் மாறியிருக்கும் டாக்டர். நானும் லேப்லதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடுங்க" என்றேன்.

"மறுபடியும் ஊசியா பெரியம்மா? இருக்குற ரத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றாள் சுண்டெலி. எல்லோரும் சிரித்தோம்.

ட்யூப் மாறவில்லை.

நான் கருத்தரிப்பு மையத்தில் வேலை பார்ப்பவள். ஏழு ஆண்டுகளுக்கு முன், நீண்ட சிகிச்சைக்குப் பிறகு தங்கைக்கு மிஞ்சியது ஒரே ஒரு கரு. உறைய வைத்திருந்த அதை எடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஒருவர் எண்ணைப் படிக்க, மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. எங்கள் சரிபார்ப்பாளரோ அன்றைய கையெழுத்துகளையெல்லாம் காலையிலேயே போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். "உங்க கண்ணு ரெண்டு இருக்கறப்போ என் கண்ணு எதுக்குங்க?" என்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

கரு இருந்த மெல்லிய குழல் என் இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது கருவில் உயிர் இல்லை. பக்கத்து அறையில் தங்கை தயாராகப் படுத்திருந்தாள். "உள்ள எங்கக்கா இருக்கா, எனக்கென்ன பயம்" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கருக்களை உறைய வைக்கும் அதே தொட்டியில் வேறொரு தம்பதியின் கருக்கள் நான்கு இருந்தன. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு மகன் பிறந்திருந்தான். நான்கில் ஒன்றை எடுத்தேன். இரண்டாவது கையெழுத்து ஏட்டில் தயாராக இருந்தது.

தங்கைமேல் வைத்த பாசத்தால் செய்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுபரிசோதனைக்கு மூன்று வாரம் ஆயிற்று. விடை மாறவில்லை. சுண்டெலியால் இப்போது படி ஏற முடிவதில்லை. ஈறில் ரத்தம் கசிகிறது. "நான் பெத்த பிள்ளைக்கு என் ரத்தமே சேரலையேக்கா, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அந்த மகனுக்கு இப்போது ஒன்பது வயது. சுண்டெலிக்கு உடன்பிறந்தவன். அவன் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தத் தம்பதியின் கோப்பு எண்ணைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

எங்கள் மையத்திலிருந்து உங்கள் அறைக்கு நடந்தே நான்கு நிமிடம்தான். ஆனால் நேரில் பேசினால் ஏதாவது விட்டுப்போகும், எழுத்தில்தான் ஒழுங்கு இருக்கும். உறையை ஒட்டித் தெருமுனைப் பெட்டியில் போடப் போகிறேன். சாதாரணத் தபால், ஐந்து நாளில் கிடைக்கும். அதற்குள் முன்பின் தெரியாத யாருடைய மஜ்ஜையாவது பொருந்திவிட்டால் இதைப் பிரிக்காமலே கிழித்துவிடும்படி உறையின் மேல் எழுதியிருக்கிறேன்.