ஏணி பேசினது

அட, அதுக்கென்னங்க சரண்யா கண்ணு, தாராளமாப் பண்ணுங்க. கதை சொல்லுங்க, பாட்டுக் கட்டுங்க, புள்ளைங்கள ஆட உடுங்க. ஹெச்.எம். நானே சொல்றேன், வேற யாரு கேக்கப் போறாங்க? இன்டர்வியூல அந்த மழைச் செய்யுள நீங்க கையத் தட்டிக்கிட்டுச் சொன்னீங்க பாருங்க, அதுக்காவத்தான் உங்கள எடுத்ததே. உக்காருங்க. அந்த ஜன்னலச் சாத்திருங்க, பனி உள்ளார வருது. சேலத்துக்காரங்களுக்கு ஏற்காட்டுக் குளிரு ஒத்துக்கவே ஒத்துக்காது.

உங்களுக்கு முன்ன இருந்த தமிழ் வாத்தியாரும் இதே மாதிரிதானுங்க. ஜாபெஸ்னு பேரு. நல்ல பையன். வந்த அன்னிக்கே புத்தகத்த மூடச் சொல்லிட்டாரு. நீ மழை, நீ பலாமரம், நீ வாழவந்திக்குப் போற பஸ்ஸு, எந்திரிச்சுப் பேசும்பாரு. மீசை மொளச்ச பையன் ஒருத்தன், என் மேல ஏறாதீங்க, பிரேக்கு புடிக்கல, எனக்கே பயமா இருக்குன்னு பஸ்ஸாட்டம் நின்னு அழுவறான். கதவோரம் நின்னு நானே சிரிச்சிருக்கேன். செய்யுள்னா ஓடுற புள்ளைங்க, பெல்லடிச்சும் எந்திரிக்காதுங்க.

அந்தக் கிளாஸ்லதான் வெண்ணிலான்னு ஒரு புள்ள. வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட் லைன்ல ஊடு. அம்மா அத்தாயி காப்பிப் பழம் பறிக்கறவ. புள்ளைக்குத் திக்குவாயிங்க. தன் பேரச் சொல்றதுக்குள்ள விடிஞ்சிரும். வெ... வெ... வெ...ன்னு. ஸ்டாப் ரூம்ல நாங்க ஆட்டுக்குட்டின்னே சொல்லுவோம். பாசமாத்தானுங்க.

ஜாபெஸ் அவகிட்ட என்ன சொன்னாருன்னா, நீ பேச வேண்டாஞ் சாமி, நீ ஏரி, ஏரி பேசட்டும்னாரு. புள்ள கொஞ்ச நேரம் கண்ண மூடி நின்னுச்சாம். பொறவு குழாயத் தொறந்தாப்புல கொட்டுதாம் பேச்சு. ஒரு திக்கல் இல்ல. வேற ஒண்ணா மாறிட்டா அவளுக்குத் திக்காதுங்க. என்னமோ அப்படி ஒரு விசயம். ஜாபெஸ் என் ரூமுக்கு ஓடி வந்து சொல்றாரு, கண்ணெல்லாம் தண்ணி. நானும் சந்தோசப்பட்டேன். இல்லைங்கல.

அதுக்குத்தான் ஆண்டு விழால அவள மேடையேத்துனாரு. நம்ம தாளாளர்தான் தலைமை. எஸ்டேட் முதலாளியும் அவருதான், தெரியுமில்லீங்களா? இந்தக் கட்டடம், நம்ம சம்பளம், எல்லாம் அவரு குடுக்கறது.

வெண்ணிலாவோட அப்பன் அய்யாக்கண்ணு அதுக்கு முன்னாலயே செத்துப் போயிட்டான். அந்த எஸ்டேட்லதான். மொளகு பறிக்க, கொடி படந்த சில்வர் ஓக் மரத்துல ஏறி உழுந்துட்டான். அன்னிக்கு அவனுக்கு வேலையே இல்ல, திருட்டு மொளகு பறிக்க வந்தவன்னு எஸ்டேட்ல எழுதிட்டாங்க. வேலைல இருந்தான்னு எழுதுனா நஷ்டஈடு, கேசுன்னு எத்தன தொல்லை, நீங்களே சொல்லுங்க.

இந்தப் புள்ள மைக் முன்னால வந்து நின்னுச்சு. நான் ஒரு ஏணின்னு ஆரம்பிச்சுச்சு. என் நடுப்படி ஒடஞ்சிருக்குது. மாத்திக் குடுங்கன்னு அய்யாக்கண்ணு, வேலை மேய்க்கிற எஸ்டேட் ரைட்டர்கிட்டக் கேட்டாரு. இன்னிக்கு ஒருநா ஏறு, நாளைக்குப் பாக்கலாம்னாரு ரைட்டர். ஏறாதீங்கன்னு நான் கத்துனேன். ஏணி கத்துனா யாருக்குக் கேக்குது? உழுந்து கெடந்தவரு மடியில ஒரு மொளகு இல்ல, நான் பாத்தேன். இப்படியே போவுது. தண்ணியாட்டம் பேசறா. யாரும் கை தட்டல. கடைசில உக்காந்திருந்த அத்தாயி மட்டும் வாய்விட்டு அழுவறா.

முதலாளி கோவப்படவே இல்லீங்க. கார்ல ஏறும்போது, புள்ளைங்க நொம்ப நல்லாப் பேசுதுங்க டீச்சர்னாரு. அவ்வளவுதான்.

மறுநா பிரேயர்ல வெண்ணிலாவக் கூப்ட்டு மைக் முன்னால நிறுத்தினேன். ஏணி வேண்டாங் கண்ணு, நீயே சொல்லு, யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டேன். அடிக்கல, திட்டல. என்ற சர்வீஸ்ல ஒரு புள்ளையத் தொட்டதில்ல. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருந்தேன். நா... நா... நா...ன்னு ஸ்பீக்கர்ல ரோடு வரைக்கும் கேக்குது. புள்ளைங்க சிரிச்சாங்க. புள்ளைங்கன்னா சிரிக்கத்தானுங்க செய்யும். அடுத்த நாளும் நிறுத்தினேன். அதுக்கடுத்த நாளும். ஜாபெஸ் எல்லாரு முன்னாலயும் கையெடுத்துக் கும்புட்டாரு. நான் வேணா போயிர்றேன் மேடம், அவள உட்ருங்கன்னாரு. வரிசைல போய் நில்லுங்க சார்னேன்.

அப்பறம் ஒரு நாளு, அவரப் பாத்துக்கிட்டே சா... சா... சார்னா. அதுக்கு மேல வரல. நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா.

என்னங்க? ஆமா, அவரக் கூப்புட்டிருக்கலாம். காப்பாத்துங்க சார்னு சொல்ல வந்திருக்கலாம். எனக்கெப்படித் தெரியும்? யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டேன், சார்னா. அத்தோட ஜாபெஸ அனுப்பிட்டோம். இப்ப எங்கயும் வேலை கெடைக்காம கெடக்கறாராம்.

புள்ள இருக்குது, எங்க போவுது. ஒம்பது பி, உங்க கிளாஸ்தான். கடைசி பெஞ்சு. இப்பத் திக்கறதுகூட இல்ல, பேசுனாத்தான திக்கறதுக்கு. அட்டெண்டன்ஸுக்குக் கையத் தூக்குவா. ஒரு தொந்தரவு இல்லாத புள்ள.

ஏனுங்க, எந்திரிக்கிறீங்க? நான் இன்னும் விசயத்துக்கே வரலையே. உக்காருங்க கண்ணு.

பெருசா ஒண்ணுமில்ல. புள்ள ஊமையாப் போச்சுன்னு அத்தாயி கலெக்டராபீஸ்ல மனுக் குடுத்துட்டா. நாளைக்குக் காலைல விசாரிக்க ஒரு மேடம் வர்றாங்க. புள்ளைக்குப் பேச்சு வராதுங்களேன்னு போன்லயே சொல்லிட்டேன். அப்ப அவளோட தமிழ் டீச்சர் பக்கத்துல உக்காந்து, அவ சொல்ல வர்றத எடுத்துச் சொல்லட்டும்னாங்க. நீங்க போன வாரம் வந்தவங்க, எந்தப் பக்கமும் இல்லாதவங்க. அவங்களுக்கும் திருப்தி.

வெண்ணிலா வாயத் தொறப்பா. ஒண்ணும் வராது. நீங்க அவ கையப் புடிச்சுக்கிட்டு, ஜாபெஸ் சார்தான் எழுதிக் குடுத்தாரு, மேடைல பேசலைன்னா பெயிலாக்கிருவேன்னு மெரட்டுனாரு, அந்தப் பயத்துலதான் பேச்சுப் போச்சுன்னு சொல்லோணும். அந்தப் புள்ளையாவே ஆயிச் சொல்லோணும். அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தரணுங்களா? வேலைய நிரந்தரம் பண்ணிரலாம்னு முதலாளியும் சொல்லிட்டாரு.

அழுவாதீங்க கண்ணு. கண்ணத் தொடைங்க. எங்க, இப்ப ஒருக்கா எனக்குச் சொல்லிக் காட்டுங்க பாப்போம். நான் வெண்ணிலான்னு ஆரம்பிங்க.