கொடுக்கு வச்ச மீட்டர்

...டீயெல்லாம் வேணாண்ணே, மொதல்ல இத்தப் புடி. நீ குடுத்த மீட்டரு பொய் சொல்லுது. அதுவும் ஒரே பொய்யா சொல்லித் தொலைக்கலாம் இல்ல? செவப்பு ஒயர இப்டி வச்சா இருபத்தஞ்சு. ஒயர மாத்தி வச்சா சைபர். ஒரே பேட்டரிண்ணே! ஒரே நிமிசத்துல!

இதுக்கு மின்ன வாங்கினதே தேவல. அது எப்டி வச்சாலும் சைபர்தான், பேச்சு மாறல. தெரியும் தெரியும், அது வூட்டு கரண்டுக்குத்தான், கார் பேட்டரிக்கு ஆவாதுன்னு நீ சொன்ன. இல்லேங்கல. ஆனா ஒன் கண்ணாடி அலமாரியில அது ஒயரக் கவ்வுற கொடுக்கத் தொறந்துகினு என்னியே பாக்குது. நான் இருவது வருசமா சுண்ணாம்புக்குளத்துல நண்டு ஏவாரம் பண்றவ. கொடுக்கு இருக்கிறத வுட்டுட்டு இல்லாதத எடுப்பனா? கொடுக்கு போன நண்ட பாதி வெலைக்குக்கூட கேக்க மாட்டான்.

எனக்கு இன்னாத்துக்கு மீட்டரா? சொல்றேன் கேளு. எங்கூட்டுக்காரரு தம்பி, மோகன்குமாரு, ஊர்ல மோட்டார் வேல, பேட்டரி சார்ஜு எல்லாம் அவந்தான். நம்ம வேன்ல பழைய பேட்டரி செத்து, ஒரு வண்டி நண்டு உள்ளயே வெந்து நாறிப் போச்சி. அவந்தான் புதுசு வாங்கி மாட்டினான். தன் மீட்டர வச்சி, பன்னெண்டு புள்ளி ஆறு, நல்லா கீது அண்ணின்னான். நாலு நாள் கழிச்சி, சென்னைக்குக் கெளம்பற நேரம், சாவியத் திருப்பினா டிக் டிக்குனு சத்தம் மட்டும் வருது. ஏழு பேரு தள்ளினாங்க. அவன் எடுத்துகினு போயி சார்ஜு போட்டு, திருப்பியும் அதே பன்னெண்டு புள்ளி ஆறு. திருப்பியும் அதே டிக் டிக்கு.

நான் இன்னா பண்ணுவேன்? ஏவாரி தராச நம்பி என்னிக்காவது நண்டு எட போட்டுக்கிறனா? என் தராசு என் கூடையிலயே இருக்கும். அவன் பேட்டரிய அவன் மீட்டர்லயே பாத்தா நல்லாத்தான் காட்டும். அதான் எனக்குன்னு ஒண்ணு வாங்க வந்தேன்.

கொடுக்கு மீட்டர்ல சைபர் வந்துச்சா, செத்த பேட்டரிய என் தலையில கட்டிட்டான்னு ஊரெல்லாம் சொன்னேன். இதுல இருபத்தஞ்சு வந்துச்சா... சும்மா இருப்பனா. ஊர்ல லாரி ஓட்றவரு ஒருத்தர் கீறாரு, லாரிக்கு இருபத்திநாலுன்னாரு. அப்ப லாரி பேட்டரிதான! ஏலம் போட்ற எடத்துல, அத்தினி சனம் நடுவுல, லாரி பேட்டரியப் போட்டு அண்ணன் வேன எரிக்கப் பாக்கிறியான்னு கேட்டுட்டேன். அவன் சைக்கிள எடுத்துகினு போய்ட்டான். எங்கூட்டுக்காரரு ரெண்டு நாளா என் கையால சோறு வாங்கல, தானே போட்டுத் துன்றாரு.

அதெல்லாம் கெடக்கட்டும். நாளைக்கு எங்க பாடுண்ணே. ஏரியில நல்ல எடத்துல வல கட்ட மொற வச்சிக்கிறாங்க இல்ல, அந்த மொற நாளைக்கு எங்க ஆளுங்களுக்கு. வுட்டா இன்னும் பத்து நாளு ஆவும். நண்டு உசுரோட மார்க்கெட்டு போய்ச் சேரணும், செத்தா ஒரு ஆள் தொட மாட்டான். வேன் கெளம்பியாவணும். அதான் பேட்டரியயே கூடையில வச்சி ஷேர் ஆட்டோல ஏத்திகினு எளாவூர் வந்துட்டேன். பக்கத்துல குந்தினவ நண்டான்னு எட்டிப் பாக்கிறா.

இந்தா. வெயிட்ட பாரு. நண்டுன்னா வயித்த அமுத்துவேன், சத நண்டா தண்ணி நண்டான்னு சொல்லிடுவேன். இத்த எங்க அமுத்தறது?

...இன்னாத்துக்கு மீட்டர் நடுவுல கீற அந்தத் திருவாணியத் திருப்புற? அது திரும்புமா? வாங்கினப்ப எப்டி இருந்திச்சோ அப்டியேதான வச்சிருந்தேன். ஓ. அல அலையா கோடு போட்டது வூட்டு கரண்டுக்கு, அதான் கண்டபடி காட்டுச்சா. நேர்க்கோடு போட்டது பேட்டரிக்கு. அதுல இருவதுல வைக்கணும். சரி. யார்னா சொன்னாத்தான தெரியும்? நீ சொன்னியா? ...சொன்னியா. சரி வுடு.

பதினொண்ணு புள்ளி மூணு. மாத்தி வச்சாலும் அதே பதினொண்ணு, மின்னாடி ஒரு கோடு மட்டும். அப்ப லாரி பேட்டரி இல்லியா? கெட்டுப் போச்சா? அதுவும் இல்லியா. சார்ஜுதான் எறங்கிக்குதா. எப்டி எறங்கும், வேன் நின்னுகினுதான இருக்குது?

ராத்திரியிலயா? ராத்திரியில வேன்ல ஒண்ணும் ஓடல. லைட்டு இல்ல, பாட்டு இல்ல. உள்ள யாரும் படுக்கிறது கெடயாது. ஃபேனு மட்டுந்தான். இல்லண்ணே, எங்களுக்கு இல்ல, நண்டுக்கு. சாயந்திரமே ஏத்தி வச்சிடுவோம், வெடிகாலதான் கெளம்புவோம். மின்ன வெந்து செத்துச்சி இல்ல, அந்தப் பாவம் மறுபடி வேணாமேன்னு ரெண்டு ஃபேன் நாந்தான் வாங்கி, டிங்கரிங் ஆள வச்சி பேட்டரிலயே மாட்டினேன். சின்ன ஃபேனு, ஒரு சாண்தான்...

...

இன்னாண்ணே அப்டி பாக்கிற.

சரி. புரியிது. ஈரக் கோணி போட்டு மூடினாவே போதும்னு எங்கூட்டுக்காரரும் சொன்னாரு. இப்ப இங்கயே சார்ஜு போட்டுக் குடு. மெசினு இல்லியா? கும்மிடிப்பூண்டியில குடுத்தா நாளான்னிக்கி மத்தியானமா? நண்டு காத்திருக்குமா?

எங்க ஊர்ல சார்ஜு மெசினு ஒண்ணே ஒண்ணு. அவங்கிட்டதான் கீது.

நீ ஒரு போன் போடேன். மீட்டருதான் கெட்டதுன்னு சொல்லு. நீ கடக்காரன், நீ சொன்னா நம்புவான். தலைய ஆட்டாத, ஒரே ஒரு பொய்யி... மாட்டியா. சரி, அந்தப் பக்கம் போயி ஏதாவது எடுத்து வை, நிக்காத.

ரிங்கு போவுது...

மோகனு? நாந்தான், அண்ணி. வச்சிடாத தம்பி, வச்சிடாத... சாப்ட்டியா?