அஞ்செட்டியிலிருந்து வந்த அழைப்பு

நடுச்சாமம் கடந்த நேரம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டு ரோடு. ஒரே ஒரு ஆம்புலன்ஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது... முன்சீட்டில் ஹரீஷ்குமார். நமக்குத் தெரிந்த பையன்தான், வேறு யாரோ இல்லை. பேய்க்கதையா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், அப்புறம் சிரிப்பு வராது.

ஓசூரில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. செல்போனில் யார் வண்டி கேட்டாலும் அந்தக் கோரிக்கை முதலில் ப்ராக்ஸி சர்வருக்கு வரும். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி, அது விட்டால்தான் உள்ளே போகும். அந்த சாஃப்ட்வேரில் ஓர் ஓட்டை. கோணல்மாணலான கோரிக்கையை எவனாவது அனுப்பினால், அதையே பிடித்துக்கொண்டு திணறும். பின்னால் நிற்கிற ஒருவரையும் உள்ளே விடாது.

ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது ஆயுத பூஜையன்று. அதற்குள் சர்வருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆகிவிட்டது.

"இப்பவே போட்டுடேன், ஹரீஷ்," என்றாள் கூட வேலை பார்க்கும் சுஜாதா.

"பூஜை போட்டாச்சு மேடம். இன்னிக்கு அதும்மேல கை வெக்கக் கூடாது. காலையில பாத்துக்கலாம்."

அன்று ராத்திரி எவனோ ஒரு பாவி கோணல் கோரிக்கைகளாகக் கொட்டினான். சர்வர் அப்படியே நின்றுவிட்டது. அதே ராத்திரி, அஞ்செட்டிக்கு அப்பால் தாய்வீட்டில் ஹரீஷின் மனைவி பிரவீனாவுக்கு வலி கண்டது. நிறைமாசம். புருஷன் கம்பெனி வண்டியைத்தான் கேட்டாள். செல்போன் திரையில் வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. விடிந்து வேறு வண்டி கிடைத்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஐயோ, அந்தக் கொடுமையை எந்த வாயால் சொல்வது!

காரியம் முடிந்து வந்ததும் அவனே அப்டேட்டைப் போட்டான். அப்புறம் சர்வர் ஒருநாளும் திணறவில்லை. ஆனால் அன்று ராத்திரியே ஒரு கோரிக்கை உள்ளே வந்தது. பிரவீனாவின் எண். அவன் கையாலேயே ரத்து செய்த எண். மறுநாளும் வந்தது... அதற்கடுத்த நாளும்.

டிரைவர் வெங்கடப்பன் தடுத்துப் பார்த்தார். "எவனோ வெளாட்றான் தம்பி. போவ வாணாம்."

"அன்னிக்குத்தான் போவல. இன்னிக்காவது போவணும்ண்ணா," என்று அழுதான் ஹரீஷ். அழுகிறவனிடம் என்ன பேசுவது? வண்டியை எடுத்தார்.

பூட்டிக் கிடந்த அவள் தாய்வீட்டின் முன்னால் போய் நின்றார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும்... பின்கதவு 'க்ளக்' என்று திறந்தது. ஓர் ஆள் பாரத்துக்கு வண்டி மெல்ல அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது. வேப்பெண்ணெயும் தாய்ப்பாலும் கலந்த வாடை, பிள்ளை பெற்ற வீட்டில் வருமே, அது.

வெங்கடப்பன் சைரனைப் போட்டு வண்டியைத் திருப்பினார். ஹரீஷுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. "பிரவீ... நானே வந்துட்டேம்மா. இதோ, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்," என்று அழுதுகொண்டே சொன்னான். வண்டி காட்டைத் தாண்டியது.

அப்புறம் பின்னாலிருந்து அவள் குரல், மெதுவாக...

"அழுவாதீங்க. இப்பத்தான் தூங்குறான்."

வெங்கடப்பனின் கை மெல்ல நீண்டு, சைரனை அணைத்தது.